யாழும் லைராவும்: யாழ் நூலை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடரும் கீழைக் கடற்கரையிலே, முஸ்லிம் ஊர்களை அயலாகக் கொண்ட காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் விபுலாநந்த அடிகளார். பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் பயனாகிய அவரது யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக, 1947ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த திங்களிலேயே ஆசிரியர் மறைந்தார். ஆதலின், அந்நூல் எழுப்பும் வினாக்களை ஆராயும் கடன் கற்போரைச் சார்ந்ததாயிற்று.

அவ்வினாக்களுள் ஒன்று யாழ் எவ்வினக் கருவி என்பது. யாழைக் கிரேக்கரின் லைராவோடு ஒன்றாக்கிக் கூறுவார் உளர். இது பொருந்துமாறில்லை. லைராவின் உடல் தோல் போர்த்த ஆமையோடு. அதனின்று எழும் இரு கைகளை ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும். நரம்புகள் அச்சட்டத்தினின்று இறங்கும். ஆற்றுப்படை நூல்கள் காட்டும் யாழோ, தோல் போர்த்த பத்தரினின்று வளைந்தெழும் ஒற்றைக் கோடு உடையது. நரம்புகள் கோட்டிலே திவவுகளாற் கட்டப்படுவன. அது வில்லின் வழித்தோன்றல். பர்மியரிடம் இன்றும் வழங்கும் சவுங் என்னும் கருவியே அதற்கு நெருங்கிய உறவு. கிரேக்கரிடத்து உறவு நாடின், முக்கோண வடிவினதாகிய திரிகோனையே நாடல் வேண்டும். செங்கோட்டியாழுக்கும் லைராவுக்கும் நரம்பு ஏழு என்பதுகொண்டு இனம் துணிதல் தவறு. எண் ஒத்தல் உறவாகாது, அமைப்பு ஒத்தலே உறவாம்.

ஆயின் இருவரும் மெய்யாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது கணக்கு. நரம்பின் நீளம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் ஐந்தாம் சுரம் பிறக்கும் என்பது பிதாகோரசின் மரபினர் போற்றிய உண்மை. தமிழர் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நான்காம் நரம்பை நட்பு என்றும் வழங்கினர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அடிகளார், குரல் முதல் தாரம் ஈறாக நின்ற 22 அலகுகளையும் இவ்வாறு எண்ணளவையால் ஆராய்ந்தமையே நூலின் தலையாய சிறப்பு.

எனினும், கற்போர் மூன்று அடுக்குகளைப் பிரித்துணர்தல் வேண்டும். பத்தரும் கோடும் சங்கப் பாடல்களின் சான்று. பேரியாழ் 21, மகரயாழ் 19, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7 என்னும் நரம்புத் தொகை, சிலப்பதிகாரத்துக்குப் பன்னூற்றாண்டு பிற்பட்ட அடியார்க்குநல்லார் உரையின் சான்று. அலகுகளின் நுண்ணிய விகிதங்கள் இருபதாம் நூற்றாண்டின் கணக்கு. கணக்கில் ஐயமில்லை, பண்டைப் பாணன் விரல் அக்கணக்கையே பின்பற்றிற்று என்பது மட்டும் ஊகம். கிரேக்கர்க்கோ கலங்களில் தீட்டிய ஓவியங்களும், செயிகிலோசு கல்லறைக் கல்லில் இசைக்குறியோடு பொறித்த பாட்டும் எஞ்சின. தமிழர்க்குப் பழைய யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை. இவ்வறுமையிலே நின்று எழுந்த நூல் என்பதை மறந்து அதனைக் குறை கூறுதலும், ஊகத்தையும் சான்றையும் ஒன்றாக்கிப் புகழுதலும் ஒப்பவே பிழையாம்.

பெயர் நிலைத்துக் கருவி மாறுதல் உலகியல்பு. கிரீட் தீவில் இன்று லைரா எனப்படுவது வில்லால் இழைக்கும் மூன்று நரம்புக் கருவி. பழைய வீணையும் வில்வடிவினதே என ஆனந்த குமாரசுவாமி 1930இல் காட்டினார். யாழுக்கோ பெயர் நூலில் நிலைத்தது, கருவி மறைந்தது. அண்மையிலே தமிழகத்தில் யாழைப் புதிதாகச் செய்து மீட்டும் முயற்சிகள் தோன்றியுள்ளன. மரத்தைக் குடைந்து, தோல் போர்த்து, நரம்பு கட்டி மீட்டிப் பார்க்கும்போதே நூலின் ஊகங்கள் சோதனைக்கு உள்ளாகும். அடிகளாரைப் போற்றுவோர் சிலையோடும் விழாவோடும் அமையாது, அவர் கணக்கை நரம்பிலே சோதித்தறிதலே அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.