பந்து யார் காலில்?

பெண்கள் உதைபந்தாட்டத்தைப் பொருளாகக் கொண்டு 2019 தீபாவளிக்கு வெளிவந்த படம் 'பிகில்'. தெஹிவளையில் நான் கற்பிக்கும் வகுப்பொன்றில் அண்மையில் அதுபற்றிப் பேச்செழுந்தது. விஜய் ஏற்ற இரு வேடங்களின் பெயர்களையும் மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். ஆடிய பெண்களில் ஒருத்தியின் பெயரைக் கேட்டேன். "குண்டம்மா" என்று விடை வந்தது; வகுப்பு சிரித்தது. அது அவள் பெயரன்று. அவளுக்கு ரோசமூட்டப் பயிற்றுநன் வீசும் வசை. அவள் பெயர் பாண்டியம்மா.

படத்தின் நல்லெண்ணத்தை மறுப்பது நேர்மையாகாது. அமிலம் வீசப்பட்டு வீட்டுக்குள் ஒடுங்கியவளையும், மணமானபின் அடுப்படியில் அடைபட்டவளையும் மைதானத்துக்கு அழைத்துவர நினைத்த தமிழ்ப் படங்கள் எத்தனை? ஆனால் அழைத்து வருபவன் எப்போதும் நாயகனே. அவன் பேசுகிறான், அவள் எழுகிறாள். அவள் எவ்வாறு ஆடக் கற்றாள், எதை உண்டு வாழ்கிறாள், காலொடிந்தால் யார் பொறுப்பு என்பவை கதைக்குத் தேவைப்படவில்லை. உழைப்பை ஒளித்துவிட்டு வெற்றியை மட்டும் காட்டும் இக்கலையை நான் அரைக்கலை என்பேன்.

உண்மைக் கதை தொலைவில் இருக்கவில்லை. அதே 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதியாட்டத்தில், மதுரையின் சேது அணி மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என வென்றது. தோற்ற அணியின் முன்கள வீராங்கனை ஙாங்கோம் பாலா தேவி. அத்தொடரில் அவர் அடித்த கோல்கள் 26. வேறெவரும் அவ்வளவு அடிக்கவில்லை. ஆனால் மே 5இல் தொடங்கிய லீக் 22இல் முடிந்துபோயிற்று. நாட்டின் தலைசிறந்த கோலடிப்பாளருக்கு அவ்வாண்டு லீக் கொடுத்தது பதினெட்டே நாள். சோறு போட்டது பொலிஸ் உத்தியோகம்.

2020 ஜனவரியில், முப்பது வயது நிறையச் சில நாட்கள் இருக்கையில், ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகம் அவரைப் பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளும் உரிமை அவருக்கு அப்போதுதான் கிட்டியது. ஆண் ஆட்டக்காரன் இருபதில் பெறுவதை அவர் முப்பதில் பெற்றார். சில வாரங்களில் கொரோனா மைதானங்களைப் பூட்டியது. மதர்வெல் அணிக்கெதிராக முதற் கோலை அடிக்க டிசம்பர்வரை காத்திருந்தார். பின்னர் முழங்காற் காயம், நீண்ட ஓய்வு. அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் எண்ணியிருப்பர். 2024 ஒக்டோபரில் கத்மண்டுவில், முப்பத்துநான்கு வயதில், பாகிஸ்தானுக்கெதிராகத் தம் ஐம்பதாவது சர்வதேசக் கோலை அடித்தார். எந்த நாயகனின் வசையும் அதற்குத் தேவைப்படவில்லை.

பெண்ணின் ஆட்டம் உழைப்போடு பிணைந்திருப்பது புதிதுமன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஸ்டன் நகர ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள் அமைத்த அணியைக் காண, 1920 டிசம்பரில் லிவர்பூல் மைதானமொன்றில் 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு திறக்கவில்லை. அதையும் ஒரு படமாக எடுக்கலாம், நாயகன்தான் கிடைக்கமாட்டான்.

மறுநாள் பாலா தேவியின் பெயரைக் கரும்பலகையில் எழுதி இவற்றைச் சொன்னேன். பதினெட்டு நாளென்றதும் பின்வரிசை மாணவியொருத்தி எழுந்தாள்.

"மிச்ச நாளெல்லாம் அவ எங்க விளையாடினவ, சேர்?"