மலையகத்திற் சபையும் பிரசங்கமும்

திருச்சபைக் கூட்டத்தின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு, வழிபாடு என இறையியலாளர் விடை கூறுவர். அவ்விடை பொய்யன்று, ஆயின் போதியதுமன்று. பேசியவர் யார், கேட்டவர் யார், கூட்டம் எவர் செலவில் நடைபெற்றது என்பனவும் வினவப்படல் வேண்டும்.

1854 இல் கண்டிப் பிரதேசக் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் இதற்குத் தக்க சான்றாகும். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். துரைமார் பணம் உதவினர். உழைப்பைச் சுரண்டியோரின் கொடையிலேயே உழைப்போருக்கு நற்செய்தி கூறப்பட்டது. இச்சூழலிற் பொறுமையும் கீழ்ப்படிவும் ஆன்மிகப் பண்புகளாக மட்டும் நின்றுவிடவில்லை. தோட்ட ஒழுங்கின் தேவைகளுமாயின. 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷிக் கும்மி' பயிர்ச்செய்கையைக் கும்மி வடிவிற் பாடியமையும் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது.

எனினும், சபையை ஆளும் வர்க்கத்தின் கருவியென மட்டும் கொள்வது இயக்கவியல் நோக்காகாது. எழுத்தறிவு மறுக்கப்பட்டோருக்கு மிஷன் பாடசாலைகள் எழுத்தைத் தந்தன. ஒருங்கு கூடியோர் தம் பொதுத் துயரை உணரவும் வாய்ப்புண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1972 இல், இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதயாவை நிறுவி, அம்மக்களையும் சிங்களக் கிராமத்தவரையும் ஒருங்கே கூட்ட முயன்றார். அதே வேதம் அங்கு நீதியின் குரலாயிற்று.

மிஷன் அறிக்கைகள் பிரசங்கித்தவர் கூற்றையே பேணியுள்ளன. கேட்டவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை லயங்களின் வாய்மொழி மரபிலேயே தேடல் வேண்டும். அத்தேடலின்றி மலையக இலக்கிய வரலாறு முழுமை பெறாது.