பவழம் வைத்திருக்கும் கணக்கு

சுமத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் இந்து மகா சமுத்திரத்தின் அடித்தட்டு வருஷத்திற்குச் சில சென்டிமீட்டர் வீதம் தீவின் கீழே புதைந்து செல்வதையும், இரு தட்டுகளும் பூட்டிக்கொண்ட இடங்களில் மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட்டு மெந்தாவாய்த் தீவுகள் மெல்ல அமிழ்வதையும் இன்று ஜி.பி.எஸ். நிலையங்கள் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடுகின்றன. ஆயினும், அக்கருவிகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அதே காரியத்தை ஓயாமல் செய்துவரும் போரைட்டிஸ் என்ற பவழத்தின்மீதுதான் எனக்கு அபாரமான பிரேமை.

கடல் மிகவும் வற்றும் வேளையின் நீர்மட்டத்துக்கு மேலே இந்தப் பிராணி ஜீவித்திருக்க இயலாது. ஆதலால் உச்சி மடிந்து, பக்கவாட்டில் மாத்திரம் வளர்ந்து, வட்டத் திட்டாகப் பரவுகிறது. தரை அமிழ அமிழ அதன் விளிம்பு உயர்ந்து கிண்ணம்போல் குழிகிறது. தரை எழும்பினாலோ, வெளிப்பட்ட பாகம் இறக்க, நீருக்குள் எஞ்சியது கீழே புதிய படியாக வளர்கிறது. கெர்ரி சீ முதலிய விஞ்ஞானிகள் சங்கிலி ரம்பத்தால் இத்திட்டுகளைப் பலகைகளாக அறுத்தெடுத்து, எக்ஸ்ரே படத்தில் வருஷ வளையங்களை எண்ணியபோது, 1797, 1833ஆம் வருஷத்துப் பூகம்பங்கள் தீவுகளை எவ்வளவு உயர்த்தின என்பது துலக்கமாயிற்று. என்ன அற்புதமான சாட்சியம்! 2005 மார்ச்சில் நியாஸ் தீவின் மேற்குக் கரை ஏறக்குறைய 3 மீட்டர் உயர்ந்தபோதும், மடிந்த பவழத்தின் உச்சிக்கும் புதிய தாழ்நீர் மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்தே நிலத்தின் எழுச்சியைக் கணக்கிட்டார்கள்.