நான்கு சுரமும் ஓர் இருமலும்

பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பை விளக்கணைத்துவிட்டுக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். முதலில் மெல்ல ஒரு ரீங்காரம் பரவும். கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து எழுப்பிய ஒலியும் அதில் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு தொகுப்பு செய்யப் பார்த்து, பாதியில் கைவிட்டபோது மிஞ்சியது அது. ஏறக்குறைய 4 நிமிடம் கழித்து டேவிட் கில்மோரின் கிடார் நான்கே நான்கு சுரங்களை உதிர்க்கும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே நான்கு. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருக்கும்.

கூப்பிடுவது சிட் பாரெட்டை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மனநலம் குலைந்து 1968இல் விலக நேர்ந்தவர். 1975 ஜூனில், இந்தத் தொகுப்பு உருவாகிக்கொண்டிருந்த லண்டன் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்திருந்தவரைப் பழைய தோழர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது அவர்களில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

அந்த நான்கு சுரங்கள் வரும், சுமார் 26 நிமிடம் ஓடும் பாட்டை இரண்டாகப் பிரித்துத் தொகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார்கள். நடுவே வரும் தலைப்புப் பாடல் கார் ரேடியோவின் கரகரப்போடு ஆரம்பிக்கும். ரேடியோவுக்குள்ளிருந்து 12 தந்திக் கிடார் சன்னமாகக் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கூடவே வாசிப்பதுபோல இன்னொரு கிடார் சேர்ந்துகொள்ளும். அதற்குச் சற்று முன்னால், காதைத் தீட்டிக்கொண்டால், ஓர் இருமல். அதை வெட்டி எறியாமல் விட்டார்களே!