ஒரகடத்துப் புதர்களும் ஓரியன்ஷியாவின் வகைகளும்

2025 ஜனவரியில் தமிழகப் பொது சுகாதாரத் துறை ஸ்க்ரப் டைபஸ் குறித்து விடுத்த எச்சரிக்கையில் காஞ்சிபுரம் மாவட்டமும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் தொழிற்பட்டை அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேலைநாடுகளில் உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு உள்ள இடம் நம் பக்கத்தில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு உண்டு. லைம் நோயைத் தரும் பொரேலியாவை 1982இல் அடையாளம் கண்டார்கள். அதன்பின் அதை இனம் இனமாகப் பிரித்து, மூட்டைத் தாக்குவது எது, நரம்பைத் தாக்குவது எது, தோலோடு நிற்பது எது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்கள். ஸ்க்ரப் டைபஸைத் தரும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி விஷயத்தில் நாம் அந்த இடத்துக்கு வரவில்லை. வர வேண்டுமானால் மாதிரி சேகரிக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம்.

ஊரில் ஸ்க்ரப் டைபஸை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். கடிப்பது மாட்டு உண்ணி அல்ல. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, ஆறு கால் கொண்ட ஒரு பூச்சியின் இளம்பருவம். வாழ்நாளில் அந்தப் பருவத்தில் மட்டுமே அது எலியையோ மனிதரையோ கடிக்கும். கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்குவதால் எலி இல்லாவிட்டாலும் சில தலைமுறை நிலைத்துவிடும். கடித்த இடம் வலிக்காது. அக்குள், இடுப்புப் பட்டை, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு மட்டும் நிற்கும். அதன் உலர்ந்த ஓட்டைச் சிறு இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டால் போதும். கிருமியின் மரபணு அதிலேயே கிடைக்கும்.

கிருமியின் மரபணுக்களில் ஆய்வாளர்கள் அதிகம் படித்தது 56 கிலோடால்டன் மேற்புரதத்துக்கு உரியதை. அதில் நான்கு பகுதிகள் வகைக்கு வகை மாறுகின்றன. ஒப்பிடப் பயன்படும் மூலவகைகளின் வரலாறு சுவையானது: கில்லியம் இரண்டாம் உலகப் போரில் இந்திய–பர்மா எல்லையில் நோயுற்றவரிடமிருந்தும், கார்ப் நியூகினியிலிருந்தும், கேட்டோ ஜப்பானிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வேலூர், சிம்லா, ஷில்லாங் நோயாளிகளின் மாதிரிகளை வைத்து ஜார்ஜ் வர்கீஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டோவை ஒத்தவை 61.5 சதவீதம், கார்ப்பை ஒத்தவை 27.7 சதவீதம். வடகிழக்கில் மட்டும் வேறொரு வகையும் தலைகாட்டியது. ஆனால் 'கேட்டோவை ஒத்தது' என்ற முத்திரை ஒரே ஒரு மரபணுவைப் பற்றிய செய்திதான். இந்தக் கிருமியின் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். இடம்விட்டு இடம் தாவும் பகுதிகள் ஏராளம். வகைகள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் 56 காட்டும் உறவும் மற்ற மரபணுக்கள் காட்டும் உறவும் பல இடங்களில் பொருந்துவதில்லை. ஒரு மரபணுவை மட்டும் பார்த்து வம்சாவளி எழுதுவது இங்கே செல்லாது.

எந்த வகையானாலும் டாக்ஸிசைக்ளின் கேட்கத்தானே செய்கிறது, பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து கேட்கிறது, உண்மை; மலிவானதும்கூட. ஆனால் அதை எழுதுவதற்கு முன் நோயைச் சந்தேகிக்க வேண்டும், பென்சிலின் வகை மருந்துகள் இதில் பலிக்காது. பரவலாகப் பயன்படும் எலைசா சோதனைப் பெட்டி ஒன்றில் கார்ப், கேட்டோ, கில்லியம், தாய்லாந்தின் டிஏ716 ஆகியவற்றின் புரதங்களே இருக்கின்றன. அவற்றிலிருந்து விலகிய வகை ஓரிடத்தில் அதிகமானால் சோதனை தவறவிட வாய்ப்புண்டு. ஒரு வகைக்கு எதிராக வந்த எதிர்ப்பாற்றல் மற்றொரு வகையிடம் சில மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை என்பதால் தடுப்பூசி முயற்சிகளும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன.

இது கிராமத்து நோய், தொழிலாளிகள் கான்கிரீட் விடுதியில் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. வடதமிழகத்தின் 37 கிராமங்களில் 32,000க்கு மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2025இல் வெளியான ஆய்வு, கிராமச் சுமை எவ்வளவு பெரிதென்று காட்டியது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பூச்சி விரும்புவது அடர்காட்டையோ உழுத வயலையோ அல்ல, இரண்டுக்கும் நடுவில் கைவிடப்பட்ட புதரை. விவசாயம் நின்று, ஆலையும் எழும்பாமல், சீமைக்கருவேலமும் புல்லும் மண்டிக் கிடக்கும் மனைகளும் ஏரிக்கரைகளும் அப்படிப்பட்டவைதான். ஷிஃப்ட் முடிந்து குறுக்குப்பாதையில் நடப்பவருக்கும் அங்கே ஒதுங்குபவருக்கும் கான்கிரீட் விடுதி காவல் ஆகாது. ஒடிசா, பிகார், அசாம் தொழிலாளர்கள் கிருமியைக் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை: இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. கிருமி இந்த மண்ணில் இருக்கிறது, அவர்கள் இங்கே கடிபடுகிறார்கள். பொருக்கைப் பார்க்காத மருத்துவர் காய்ச்சலை டெங்கு என்றோ டைஃபாய்டு என்றோ எழுதிவிடுகிறார். கறுத்த தோலில் பொருக்கு எளிதில் தெரிவதுமில்லை.

பெரிய மருத்துவமனைக்கு வந்துசேர்பவர் நோய் முற்றியவர். அவரிடம் கிடைக்கும் வகைப்பட்டியல் முற்றவைத்த வகைகளையே அதிகம் காட்டும். ஆகவே அக்டோபர் முதல் பிப்ரவரி வரையான காய்ச்சல் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஈஎஸ்ஐ மருந்தகங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கட்டும், கண்ட பொருக்கைக் குப்பியில் இட்டுக் கிண்டி கிங் நிலையத்துக்கோ வேலூருக்கோ அனுப்பட்டும். அங்கே 56 ஒன்றோடு நிறுத்தாமல், அதிகம் மாறாத 47 கிலோடால்டன் புரதத்தின் மரபணுவையும் வேறு சிலவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலி மனையை ஒதுக்கிய சிப்காட்டுக்கும் அதை வாங்கிய ஆலைக்கும் ஒரு வேலை உண்டு: விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலுள்ள புதரை மழைக்குமுன் வெட்டுவது.