யாருக்கு எந்த மை? ‘ஃப்ரம் ஹெல்’ சித்திர நாவலின் கோடுகள் குறித்து

‘பேய்ப்படம் பாக்குற மாதிரிதானே, இதுல என்ன அரசியல் வேண்டிக் கெடக்கு?’ என்று கேட்டார் ‘ஃப்ரம் ஹெல்’ சித்திர நாவலை ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்த தோழர். படங்களும் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘கிறுக்கி வெச்சிருக்கான்’ என்றார். எனக்கு அந்தக் கிறுக்கலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஆலன் மூர் எழுதி எட்டி கேம்பல் வரைந்த இப்பிரதி, 1989இல் ‘டபூ’ என்ற திகில் காமிக்ஸ் தொகுப்பிதழில் தொடங்கி, 1999இல் முழு நூலானது. 1888இல் லண்டன் ஒயிட்சேப்பலில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டதுதான் களம். கொலைகாரன் அரச மருத்துவர் வில்லியம் கல் என்பதைப் பிரதி மறைப்பதே இல்லை. (வரலாற்றாசிரியர்கள் ஏற்காத கதை இது. புனைவுக்கு அது போதும்.) ‘யார் செஞ்சது?’ என்ற துப்பறியும் சுகம் பறிபோனபின் மிஞ்சுவது, எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதுதான்.

ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் இரண்டு பேர் விழிக்கிறார்கள். ஒருவர் கல், இன்னொருத்தி அன்றிரவு சாகப்போகிற பாலி நிக்கல்ஸ். கல்லின் வீடு வாஷில் வருகிறது. மையில் நீர் கலந்து தூரிகையால் பரப்பிய மென்சாம்பல்; பொருள்களின் மீது வெளிச்சம் வந்து உட்காருகிறது. பாலிக்கோ வெறும் பேனாக்கோடு. பேனாவில் சாம்பல் நிறம் கிடையாது, கறுப்பு மட்டும்தான். நிழல் வேண்டுமென்றால் ஒவ்வொரு கோடாக இழுத்து, குறுக்கே இன்னொரு அடுக்கு இழுத்துச் சேர்க்கணும். கல்லுக்குச் சாம்பல் இனாமாகக் கிடைக்கிறது. படுக்கைக்கு நாலு பென்னி இல்லாமல் விடுதியிலிருந்து துரத்தப்பட்ட பாலிக்கு அதுவும் கூலிவேலைதான். வர்க்கம் இங்கே வசனத்தில் இல்லை, மையில் இருக்கிறது.

தொட்டெழுதும் பேனாவை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டத்தை நானும் நகலெடுத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் போச்சு, கை வலிதான் மிச்சம். ஆனால் ஒன்று புரிந்தது. சுவருக்கும் பாவாடைக்கும் முகத்துக்கும் கை ஒரே அசைவைத்தான் செய்கிறது. எங்கே சுவர் முடிகிறது, எங்கே அவள் தொடங்குகிறாள் என்று பேனாவுக்குத் தெரிவதில்லை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஏழையைச் சேரியோடு சேர்த்துப் பூசிவிடுவது பழைய ஆளும் பார்வை. இவ்வத்தியாயத்தின் தலைப்பே ஜான் டெனியல் 1888 செப்டம்பர் 29 ‘பஞ்ச்’ இதழில் வரைந்த கேலிச்சித்திரத்தின் தலைப்புதான். அதில் கத்தியேந்திய ஆவி சேரிச் சந்துக்குள்ளிருந்தே கிளம்புகிறது. அதாவது கவனிக்காமல் விட்டால் அழுக்கே பேயாகும் என்கிற சீர்திருத்தவாதியின் பயம். கேம்பல் தலைப்பை எடுத்துக்கொண்டு திசையைத் திருப்பிவிடுகிறார். பேய் சந்திலிருந்து வரவில்லை. வாஷ் பூசிய வீட்டிலிருந்து கோச்சு வண்டியேறி வருகிறது.

சிக்கல் பத்தாம் அத்தியாயத்தில். மில்லர்ஸ் கோர்ட் அறை, 1888 நவம்பர் 9. பக்கம் பக்கமாக உடல் அறுபடுகிறது. நடுவே கல் நம் காலத்து அலுவலகமொன்றுக்குள் போய் நிற்கிறான், கம்ப்யூட்டர் முன்னிருப்பவர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இந்தக் கொலைக்குப் போலீஸ் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. புத்தகம் புத்தகமாக அச்சாகிக்கொண்டே இருப்பது. புகைப்படம் கணத்தில் முடிந்துவிடுகிறது. வரைபவன் மணிக்கணக்கில் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்தாக வேண்டும். கத்தி போன பாதையிலேயே நிப்பும் போகிறது. ஆனாலும் போர்வைக்கும் சதைக்கும் ஒரே கறுப்புக்கோடு என்பதால், எது எது என்று தெரிந்துகொள்ள நாம் தயங்கித் தயங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ரத்தம் காட்சிப்பொருளாவதை இந்தத் தயக்கம்தான் தடுத்தது.

2018 முதல் கேம்பலே பிரதி முழுக்க வண்ணம் தீட்டினார். 2020இல் அது ஒரே நூலாகவும் வந்தது. அவர் கோடு, அவர் உரிமை, நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு வந்ததும் தயக்கம் போய்விட்டது. கண் முந்திக்கொண்டு ‘ரத்தம்’ என்று சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட இருந்த தோழி கேட்டாள்: ‘பொறுமையா வரைஞ்சான், சரி. யார் ஒடம்பு மேல வரைஞ்சான்?’ கறுப்பு வெள்ளைப் பதிப்பை எடுத்து அந்த அத்தியாயத்தை மறுபடி திறந்தேன். நாலு பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை.