புள்ளியை விழுங்கும் பட்டன்

விசிட்டிங் கார்டை நீட்டி, 'இதில் இருக்கிற கடைப் பெயரையே 10 அடி போர்டுல போட்டுடுங்க' என்பார்கள். ஸ்கேன் செய்த பெயர் 200 பிக்ஸல் அகலம் என்று வையுங்கள். 10 அடிக்கு இழுத்தால் ஒரு பிக்ஸலே அரை அங்குலத்தைத் தாண்டும். எழுத்தா அது? செங்கல் சுவர்.

அங்கேதான் ஆபத்பாந்தவனாக 'டிரேஸ்' பட்டன் வருகிறது. கட்டம் கட்டமான பிட்மேப்பை வளைகோடுகளால் ஆன வெக்டராக மாற்றுவது அதன் வேலை. வெக்டரை எவ்வளவு இழுத்தாலும் ஓரம் பிசிறாது. (அந்தக் கோடுகளுக்கு பெஸியே என்று பெயர். ரெனோ கார் கம்பெனி இன்ஜினீயர். கார் பாடிக்குப் போட்ட கணக்கு பேனர் கடைக்கு வந்துவிட்டது.)

இல்லஸ்ட்ரேட்டரில் 2005-ல் 'லைவ் டிரேஸ்' வந்தது. 2012-ல் அதுவே 'இமேஜ் டிரேஸ்' ஆனது. கல்யாண போட்டோவைக் கொடுத்தால் முகத்தைக் கலர் கலர் திட்டுகளாக்கித் தரும். பார்க்க ஜோர்தான். மாப்பிள்ளையைத்தான் அடையாளம் தெரியாது.

என் ஓட்டு போட்ரேஸுக்கு. கணிதப் பேராசிரியர் பீட்டர் செலிங்கர் 2001-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். இங்க்ஸ்கேப்புக்குள் இருந்து டிரேஸ் செய்வதும் இதுதான். கறுப்பு, வெள்ளை தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. கறுப்பின் ஓரமாகவே ஒரு சுற்று வந்து, பலகோணம் போட்டு, ஒவ்வொரு முனையிலும் 'இது மூலையா, வளைவா?' என்று முடிவு செய்யும். அவ்வளவே. தெரியாத வேலையில் மூக்கை நுழைக்காத புத்திசாலித்தனம்.

ஆனால், தமிழனுக்கென்று ஒரு வில்லங்கம் அதிலும் இருக்கிறது. இத்தனை பிக்ஸலுக்குள் இருப்பதெல்லாம் தூசி, தூக்கி எறி என்று ஓர் அளவு உண்டு. வழக்கமாக 2. ஸ்கேன் அழுக்காக இருக்கிறதே என்று அதை 10 ஆக்கிப் பாருங்கள். பொடி எழுத்தில் மெய்யின் புள்ளி 3-க்கு 3, ஆக 9 பிக்ஸல். போச்சு! 'கண்ணன் ஸ்டோர்ஸ்' 'கணணன ஸடோரஸ' ஆகிவிடும். ஆங்கில 'ஐ'க்குத் தலைப்புள்ளி போனாலும் படித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

ஸ்டிக்கர் கட்டிங்கில் இன்னும் மோசம். பிசிறான ஸ்கேனை டிரேஸ் செய்தால் நேர்கோட்டிலேயே ஏகப்பட்ட நோடுகள் முளைக்கும். கத்தி ஒவ்வொன்றிலும் நெளியும்.

நான் பி.காம். வரவில் இல்லாததைச் செலவில் எழுத முடியாது என்று படித்தவன். 200 பிக்ஸலில் இல்லாத நெளிவை எந்த டிரேஸும் கொண்டு வராது, ஊகிக்கும். ஃபாண்ட் தெரிந்தால் டைப் அடித்துவிடுங்கள், ஐந்தே நிமிஷம். தெரியாவிட்டால் பென் டூலை எடுத்துக் கையால் வரைவதே மேல். டிரேஸ்தான் என்று அடம்பிடித்தால், 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுத்து, தூசி அளவை 2-லேயே விட்டு, பிளேட் போடுமுன் புள்ளிகளை எண்ணிவிடுங்கள்.